கேட்டில் தொங்கிய ஒரு சாண் துணி

என் மேசை லாச்சியில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணி கிடக்கிறது. நான்கு மூலையிலும் ஆணி அடித்த துளை. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் துருக்கறை. சில வருடங்கள் அது பதுளை நகரத்தில் எங்கள் பாடசாலையின் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு சிறிய பலகையில் தொங்கியது. அதன் கீழே "மாதிரித் துணி" என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியது நான். ஆணி அடித்ததும் நான்தான். காவலாளி சுத்தியலைக் கையிலெடுத்தபோது, கோணலாக அடித்துவிடுவார் என்று பிடுங்கிக்கொண்டு நானே அடித்தேன். அந்தக் காலத்தில் எனக்கு எதுவும் கோணலாக இருக்கக் கூடாது.

சென்ற கிழமை அதிபர் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒரு படிவத்தைக் கொண்டுவந்து தந்தார். எல்லாப் பாடசாலைகளுக்கும் சீருடையை ஒரே மாதிரியாக்கினால் பெற்றோருக்குச் செலவு குறையுமா, உங்கள் பாடசாலையின் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்கள். "நீங்களே எழுதிக் குடுங்க டீச்சர். இதுல உங்களுக்குத்தான் அனுபவம்" என்றார். அவர் புதியவர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒன்றும் தெரியாமல்தான் சொன்னார். இருந்தாலும் அந்தப் படிவத்தை வாங்கியபோது, மாணவி ஒருத்தியின் கையிலிருந்து பிரம்பை வாங்குவதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அனுபவம் உண்மைதான். நான் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். புலமைப் பரிசில் பாஸ் பண்ணி நகரத்துப் பாடசாலைக்கு வந்த முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் சட்டைக் கையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "இது சும்மா குடுக்குற துணிதானே?" என்று கேட்டாள். கெட்ட பெண் இல்லை. பிறகு எனக்கு நல்ல சிநேகிதியானாள். ஆனால் அந்த இரண்டு விரல் என் தோளில் முப்பது வருடம் இருந்தது. அரசாங்கம் தரும் இலவசத் துணி மெல்லியது, துவைக்கத் துவைக்கச் சாம்பல் பூக்கும். நகரத்துப் பிள்ளைகள் கடையில் வாங்கும் துணி கெட்டியாக, பளிச்சென்று நிற்கும். எல்லாம் வெள்ளைதான், ஆனால் காலைக் கூட்டத்தில் மேடையில் நின்று பார்த்தால் யார் தோட்டம், யார் டவுன் என்று எண்ணிவிடலாம்.

அதனால் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியையாக என்னை நியமித்ததும் நான் செய்த முதல் காரியம், எல்லாப் பிள்ளைகளும் ஒரே துணியில்தான் கவுன் தைக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் பேசியது. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய கோடு ஓடும் துணி. பஜாரில் ஒரு துணிக்கடை முதலாளி, எல்லாரும் எடுப்பதானால் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று மனதாரச் சொன்னார். சொன்னபடி குறைத்தும் தந்தார். கூட்டத்தில் முதலில் கை தட்டியவர்கள் நகரத்துத் தாய்மார் இல்லை, தோட்டத்துத் தாய்மார்தான். தங்கள் பிள்ளையை யாரும் விரலால் தேய்த்துப் பார்க்காத ஒரு காலம் வருகிறது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. அப்போதிருந்த பழைய அதிபர் மட்டும் கூட்டம் முடிந்ததும் என்னிடம், "வெள்ளையா இருந்தாப் பத்தாதா டீச்சர்?" என்று கேட்டார். வயதான மனிதர், எதற்கும் இழுத்தடிப்பவர் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

முதல் வருடம் காலைக் கூட்டத்தைப் பார்க்க எனக்குக் கண் கொள்ளவில்லை. எந்த வரிசையிலும் யாரும் தனியாகத் தெரியவில்லை. அன்றைக்கு எடுத்த படத்தைச் சட்டம் போட்டு ஆசிரியர் அறையில் மாட்டினேன். கடையில் வேறு துணியைக் காட்டி ஏமாற்றிவிடக் கூடாது, பெற்றோர் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கட்டும் என்றுதான் மாதிரித் துணியைக் கேட்டருகே தொங்கவிட்டேன். நாளாவட்டத்தில் பெற்றோர் பார்ப்பதை விட்டார்கள். நான் பார்க்க ஆரம்பித்தேன். தவணையின் முதல் நாள் கேட்டில் நின்று, சந்தேகம் வருகிற கவுனின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அந்தப் பலகையோடு வைத்துப் பார்ப்பேன். என் சட்டைக் கையைத் தேய்த்த அதே இரண்டு விரல். அது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை.

பிறகு நெருக்கடி வந்தது. பெற்றோலுக்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தை இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. துணி விலையும் ஏறியது. சலுகை விலைக்குத் தந்த முதலாளி என்னிடம் வந்து, "எனக்கே கட்டுப்படியாகல்ல டீச்சர், கோவிச்சுக்காதீங்க" என்றார். லயத்து வீடுகளில் ஒரு கவுனுக்கான துணி எடுத்தால் அந்தக் கிழமை மாவும் அரிசியும் எடுக்க முடியாது என்ற நிலை. விலை ஏறியது, சலுகை போனது, அந்தத் தவணைக்கு இலவசத் துணியும் எங்கள் கைக்கு வந்திருக்கவில்லை. மாறாமல் நின்றது என் பலகை ஒன்றுதான். பழைய அதிபர் ஓய்வு பெறப் போகும் நேரம், ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "இந்த வருஷம் கொஞ்சம் விட்டுப் புடிப்போமே டீச்சர்." நான், "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும் சார்" என்றேன். எல்லாருக்கும் விட்டால்தான் என்ன குறைந்துவிடும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தத் தவணையின் முதல் நாள் தூறல். கேட்டருகே குடை பிடித்து நின்றேன், இரண்டு பக்கமும் மாணவத் தலைவிகள். பதினோராம் வகுப்புப் பெண்ணொருத்தி தலையைக் குனிந்தபடி, கூட்டத்தின் நடுவில் நுழைந்து என்னைக் கடக்கப் பார்த்தாள். பதுளையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போய், அதற்கு மேல் நடக்க வேண்டிய ஒரு தோட்டம் அவளுடையது. அவர்கள் லயத்தில் பதினோராம் வகுப்பு வரை வந்த முதல் பிள்ளை. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஏழெட்டு மாதம். கணக்குப் பாடத்தில் மட்டும் பிழைத்துக்கொண்டால் உயர்தரம் போய்விடுவாள் என்று வகுப்பாசிரியை சொல்லியிருந்தாள். விடுமுறைக்குள் நாலு விரற்கடை வளர்ந்திருந்தாள், அதனால் உடுப்பு புதிது. புதிதாக இருந்தும் எங்கள் துணியாக இல்லை. கொஞ்சம் வழுவழுப்பு, கொஞ்சம் மெல்லிசு. கூப்பிட்டு நிறுத்தினேன்.

பலகையோடு வைத்துப் பார்த்தேன். கோடு இல்லை. ஓரத்தைத் திருப்பினேன். மடித்துத் தைத்த இடத்துக்குள்ளே ஒரு மெல்லிய கரை ஒளிந்திருந்தது. யாரோ மிகுந்த கவனத்தோடு உள்ளே போகும்படி மடித்து, நுணுக்கமாகத் தைத்திருந்தார்கள்.

"இது சீலைத் துணியா?"

"ஆமாங்க டீச்சர்."

"யாரு சீல?"

"அம்மாதுங்க."

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நேரம் அது. பின்னால் நின்ற பிள்ளைகளும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "அம்மா சீலைய உடுத்திக்கிட்டு வர்றதுக்கு இது என்ன கலியாண வீடா?"

சிரித்தார்கள். மாணவத் தலைவிகள் முதலில் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அழவில்லை. அவளுடைய தோட்டத்திலிருந்தே வரும் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, எனக்கு உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு சொன்னாள்: "கலியாண வீட்டுச் சீல இல்ல டீச்சர். அது இவங்கப்பா செத்தப்ப மாமா போட்ட கோடி."

கணவன் இறந்தால், கருமாதியன்று அந்தப் பெண்ணுடைய உடன்பிறந்தவர்கள் புதுச் சீலை கொண்டுவந்து போடுவார்கள். எங்கள் ஆட்களிடம் அது வெள்ளைச் சீலை. அதைத்தான் கோடி என்போம். அவள் தகப்பன் சில மாதங்களுக்கு முன் தேயிலை மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனது எனக்குத் தெரியும். பாடசாலையிலிருந்து மலர்மாலை அனுப்பியதும் நான்தான். தெரிந்திருந்தும் வாய் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டது.

சிரிப்பு நின்றது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்குப் பக்கத்தில் குடைக்குள் நின்ற பெண் ஒரு அடி தள்ளி நின்றாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. சாவு வீட்டுத் துணி மேலே பட்டால் பீடை என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். நான் அதட்டி அவர்களைப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கலாம், அல்லது நானே அவள் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப் போயிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தை மறைக்க அதிகாரம்தான் கைக்கு எட்டியது. "வீட்டுக்குப் போயி அம்மாவக் கூட்டிக்கிட்டு வா" என்றேன். அவள் தூறலில் பஸ் நிலையத்தின் பக்கம் நடந்து போனாள். அவளைச் சுற்றி ஒரு ஆள் நிற்கக்கூடிய அளவு இடம் விட்டுத்தான் மற்றப் பிள்ளைகள் கேட்டுக்குள் வந்தார்கள்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். தனியாகத்தான். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, தலை வாரி, மினுங்காத ஒரு நீலச் சீலை கட்டி, அலுவலகக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன், உட்காரவில்லை. நான் வாயைத் திறக்கு முன்னே அவரே ஆரம்பித்தார், குற்றம் அவருடையது போல.

"மூணு தம்பிமாரும் மூணு கோடி போட்டாங்க டீச்சர். ஒண்ண நான் கட்டுனேன். ஒண்ண டோபிக்குக் குடுத்தேன். ஒண்ணு மடிப்புக் கலையாமப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. நான் ஒடம்புல ஒரு தடவகூடப் போடல, சத்தியமா. புள்ளைக்குப் பழைய கவுனு முட்டுக்கு மேல ஏறிப் போச்சு. கடையில வெல கேட்டேன், நம்மளால ஏலல. வெள்ளதானே கேக்குறாங்கன்னு நெனச்சி வெட்டுனேன்."

பிறகு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அவரு இருந்தா எப்படியாச்சும் வாங்கிக் குடுத்துருப்பாரு. இதையும் அவரு குடுத்ததா நெனச்சிக்கிட்டுத்தான் டீச்சர் தச்சேன்."

அந்தக் கரையை உள்ளே மடித்துத் தைத்த கை அது என்று அப்போது பார்த்தேன். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறி, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. "புள்ளய வரச் சொல்லுங்கம்மா. அதே கவுனோடயே வரட்டும். நான் பாத்துக்கிறேன்" என்றேன். நான் எவ்வளவு பெரிய மனது பண்ணுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்புகூட வந்தது. அவர் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே, "நீங்க சரின்னுட்டீங்க டீச்சர். கூடப் படிக்கிற புள்ளைங்க சொல்லணுமே" என்றார்.

அவள் வரவில்லை. ஒரு கிழமை பார்த்தேன், இரண்டு கிழமை பார்த்தேன். பிறகு பஜாரில் கோடு போட்ட எங்கள் துணியே இரண்டு கவுனுக்கு எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். லயத்துக் கதவு வழியே என்னைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து தந்தாள். ஒரு வார்த்தை கோபமில்லை. துணிப் பார்சலை நீட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்காமல், "வேணாங்க டீச்சர், தங்கச்சிமாருக்கு யாருக்காச்சும் குடுங்க" என்றாள். படிப்பை விடாதே, பரீட்சையை மட்டுமாவது எழுது என்று அரை மணி நேரம் பேசினேன். எல்லாவற்றுக்கும் சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர் என்றாள். அறையின் மூலையில் இருந்த தகரப் பெட்டியின் மேல் அந்த வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது. கவுனாக இல்லை. தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடியும் வெறும் துணியாக்கியிருந்தார்கள். அதை அவள் பிரித்தாளா, தாய் பிரித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பரீட்சை அனுமதி அட்டையையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பரீட்சை நாளன்று மண்டப வாசலில் கடைசி மணி அடிக்கும் வரை நின்றேன். அவளுடைய மேசையில் வினாத்தாள் குப்புறக் கிடந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்று சொல்லி ஆறுதல்படலாம்தான். ஆனால் அந்தப் பழமொழியில் பிடித்தவருடைய கைதான் தவறு செய்கிறது. குரங்கு யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, நான் அனுப்பினேன். பரீட்சை முடிந்த கிழமை சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணிகளைப் பிடுங்கி மாதிரித் துணியைக் கழற்றினேன். சட்டம் ரத்து என்று யாருக்கும் அறிவிக்கவில்லை. அடுத்த தவணையில் ஆளுக்கொரு துணியில் வந்தார்கள், எல்லாம் வெள்ளை. பாடம் நடந்தது, மணி அடித்தது, வானம் இடிந்து விழவில்லை. கழற்றுவது இவ்வளவு லேசு என்று தெரிந்ததுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இதெல்லாம் முடிந்த கதை என்றிருந்தேன். போன மாதம் என் தங்கையின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். கொழும்பில் வேலை செய்யும் தம்பி, "கோடிய நீயே பாத்து வாங்கிரு அக்கா, நான் நேரா வந்துர்றேன்" என்று போனில் சொன்னான். பண்டாரவளைக்குப் போய் ஒரு துணிக்கடையில் வெள்ளைச் சீலை கேட்டேன். உள்ளே இருந்து வந்த பெண் என்னைக் கண்டதும் கையிலிருந்த மீற்றர் கோலைக் கீழே வைத்தாள்.

"டீச்சர்தானே?"

அவள்தான். உடம்பு கொஞ்சம் வைத்திருந்தாள், தலையைத் தூக்கிப் பேசினாள். கடையின் பெயர் பொறித்த ஊதா நிறச் சீருடை போட்டிருந்தாள். அம்மா சுகமா என்று கேட்டேன். "சுகங்க டீச்சர். இன்னமும் மலைக்குத்தான் போவுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோடிக்கா டீச்சர்?" என்று கேட்டாள். தங்கச்சி வீட்டுக்காரர் என்றேன். "அய்யோ" என்றவள், மேல் தட்டிலிருந்து நாலைந்து சீலைகளை இறக்கிப் பிரித்துப் போட்டாள். நான் விலை குறைந்த ஒன்றில் கை வைத்தேன். எப்படியும் ஒரு நாள் சடங்குக்குத்தானே.

"தங்கச்சிக்குப் படிக்கிற புள்ளைங்க இருக்குதா டீச்சர்?"

"ரெண்டு பேரு. ரெண்டும் பொம்பளப் புள்ள."

அவள் இன்னொரு சீலையை எடுத்தாள். அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தேய்த்துப் பார்த்து, என் பக்கம் நகர்த்தினாள். "அப்ப இத எடுங்க டீச்சர். கொஞ்சம் வெல கூடத்தான். துணி கெட்டி, கரையும் இல்ல. பொறவு தச்சாலும் தாங்கும்."

குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தெரிந்த ஒருவருக்கு நல்ல துணி காட்டுகிற அக்கறைதான் இருந்தது. குத்திக் காட்டியிருந்தால் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்த அக்கறைக்கு முன்னால் பணப்பையைத்தான் திறந்தேன். காசைக் கொடுத்தேன். பையை இரண்டு கையாலும் நீட்டினாள், பாடசாலையில் பழக்கியபடி.

கருமாதியன்று தம்பி அந்தச் சீலையைத் தங்கையின் தோளில் போட்டான். எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். சாயந்தரம் சாமான்களை ஒதுக்கும்போது தங்கையின் மூத்த மகள் அதை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பத்தாம் வகுப்பு. குனிந்து நிமிர்ந்தபோது அவள் கவுன் முழங்காலுக்கு மேல் நின்றது. இந்த விடுமுறைக்குள் அவளும் வளர்ந்திருந்தாள்.

இன்றைக்கு மேசையில் படிவத்தை விரித்துவைத்து, லாச்சியிலிருந்து அந்த ஒரு சாண் துணியை வெளியே எடுத்தேன். ஊரிலுள்ள வெள்ளையையெல்லாம் அளந்த துணி மஞ்சளாகப் பழுத்துவிட்டது. கண்ணாடி போட்டு அதன் கோட்டைத் தேடினேன், தெரியவில்லை. ஒரே மாதிரியாக்கினால் செலவு குறையும் என்று எழுதினேன். எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய வெறும் வெள்ளையாக இருந்தால் குறையும். ஆனால் அது என்ன துணி, யாருடைய துணி என்று கேட்டில் நின்று யாரும் கேட்கக் கூடாது என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட்டபின் ஏதோ தோன்ற, துணியைக் குண்டூசியால் படிவத்தின் மூலையில் குத்தி, "இணைப்பு: ஒன்று" என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊசியைக் கழற்றினேன். இணைப்பு என்ற வரியையும் அடித்துவிட்டேன். கல்வி அலுவலகத்தில் யாராவது நல்ல மனதுக்காரர் அதை மாதிரித் துணி என்று எண்ணி, இன்னொரு பாடசாலையின் கேட்டில் ஆணி அடித்துவிடக் கூடும். துணி மறுபடியும் லாச்சிக்குள் போனது.